கூரை ஏறிய சனிக்கிழமை

தியூலா அழமாட்டாள். மோர்ன் பூவா மலைக்காரர்களுக்குப் பிடிபடாத விஷயம் அதுதான். புயல் அவள் வீட்டுக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போன அன்றும் அவள் அழவில்லை. மறுநாள் ஆற்றோரத்திலிருந்து புருஷன் வில்னேரைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். சுற்றி நின்று கதறிய பெண்களுக்கு அவளே தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"நெஞ்சு இருக்கற இடத்துல இவளுக்குக் கல்லு" என்றார்கள் சிலர்.

கல் இல்லை. ஒரு சொட்டு வெளியே வந்தால் மொத்தமும் வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிறந்தது ஹைத்தியின் வடகரையில். வில்னேர் முதலில் டொமினிக்கா வந்து, வாழைத் தோட்டங்களில் முதுகு ஒடிய உழைத்து, குடியிருப்பு அனுமதி வாங்கி, அதன் பிறகு மனைவி என்ற உரிமையில் அவளை அழைத்துக்கொண்டான். இரண்டு தீவிலும் பேச்சு கிரியோல்தான், இழுப்புதான் வேறு. சந்தையில் அவள் வாயைத் திறந்ததுமே "ஹைத்திக்காரி வந்துட்டா" என்று சிரிப்பார்கள். "வந்துட்டேன், போறதா இல்லை" என்று சொல்லிக் கூடையை இறக்குவாள். இருவருமாக மலைச்சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கிச் சேப்பங்கிழங்கும் வாழையும் போட்டார்கள். பலகை வீடு ஒன்று கட்டினார்கள். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தால் கடல் தெரியும். வில்னேருக்கு அது போதும்.

அவன் செத்த பிறகுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. அவளுடைய அனுமதி, அவனுடைய அனுமதியில் ஒட்டிக்கொண்டிருந்த அனுமதி. அவனோடு அதுவும் போயிற்று. புருஷனைப் புதைத்த மண் காய்வதற்குள் அவள் அந்த நாட்டுக்கு வெறும் வருகையாளர் ஆகிவிட்டாள். சுற்றிப்பார்க்கக் கப்பலில் வந்து இறங்குகிறார்களே, அவர்களைப் போல. எதைச் சுற்றிப்பார்க்க? தன் புருஷன் கல்லறையையா?

சில மாதத்துக்கு ஒரு முறை தலைநகர் ரோசோவுக்குப் போய் வரிசையில் நின்று, தங்கும் காலத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். வருகையாளர் கூலி வேலைக்குப் போகக் கூடாது. அவள் போகவும் இல்லை. தன் நிலத்தில் விளைந்ததைத் தின்றாள். மிஞ்சியதைப் பக்கத்து வீட்டு ஃபிலோ சந்தைக்குக் கொண்டுபோவாள். ஒரு நாள் அலுவலகத்தில் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், மனம் இரங்கி, குரலைத் தாழ்த்தினாள்.

"இப்படியே நீட்டிக்கிட்டே எத்தனை நாள் ஓட்டுவீங்க? நிரந்தரமா இருக்கணும்னா நாலு வழி இருக்கும்மா. ஒண்ணு, நாட்டுல பெரிய முதலீடு போட்டா குடியுரிமையே வாங்கலாம்."

"எவ்வளவு பெரிய?"

அந்தப் பெண் தியூலாவின் சேறு ஒட்டிய ரப்பர் பூட்ஸை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். "அதை விடுங்க. ரெண்டு, ஒரு முதலாளி உங்களுக்காக வேலை அனுமதி கேட்கணும். மூணு, இந்த ஊர்க்காரர் ஒருத்தரைக் கல்யாணம் கட்டிக்கலாம். நாலு, சொந்தக் கால்ல நிக்கறேன், இந்த ஊர்ல ஒருத்தியா வாழறேன்னு காட்டிக் குடியிருப்பு கேட்கலாம். ஆனா அது லேசில்ல. ஆள் வந்து விசாரிப்பாங்க."

"அந்த லேசில்லாததே குடுங்க" என்றாள் தியூலா.

அவள் மனுப் போட்ட செய்தி அவளுக்கு முன்பே மலை ஏறிவிட்டது. முதலில் கேட்டுக்கொண்டு வந்தவர் கிளாடியஸ். கடைக்காரர், சொந்த லாரி வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். சலவைச் சட்டை போட்டு, ஒரு பாட்டில் ரம்மும் ஒரு டின் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு, தார்ப்பாய்க்கு அடியில் குனிந்து நுழைந்தார்.

"தியூலா, நீ ஏன் இப்படிக் கிடந்து அல்லாடணும்? என் வீட்டுல தகரக் கூரை இருக்கு, கட்டில் இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு."

"எது முதல்ல, கொம்பே? வரிசை மாத்திச் சொல்றீங்களோன்னு கேட்டேன்."

கொம்பே, கோமே என்பது அந்த மலையில் ஆணையும் பெண்ணையும் உறவாகக் கூப்பிடும் சொல். கிளாடியஸ் நெளிந்தார். "சட்டத்துக்கு ஒரு கல்யாணம். மத்ததெல்லாம் மெதுவாப் பார்த்துக்கலாம்."

"ஒரு முத்திரைக்காக நான் ஆம்பளை கட்டிக்க மாட்டேன். என் புருஷன் இதே மண்ணுலதான் படுத்திருக்கான். போய் எழுப்பிக் கேளுங்க. அவன் சரின்னா எனக்கும் சரி."

கிளாடியஸ் முகம் செத்துப்போனது. உண்மையில் அவர் கெட்டவர் இல்லை. தனிமை அவரையும் தின்றுகொண்டிருந்தது. ஆனால் பெண் ஒருத்தி சிரிக்காமல் கேலி செய்துவிட்டால், சில ஆண்களால் அதை விழுங்கிக்கொள்ள முடிவதில்லை. "அப்போ தார்ப்பாய்க்கு அடியிலயே கிட" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பிஸ்கட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

விசாரிக்க வந்தவர் பெயர் ஃபாபியென். பளபளப்பான கறுப்பு ஷூவோடு மலை ஏறிவந்த அந்த அதிகாரி, வாசல் கல்லில் சேற்றைத் தேய்த்துவிட்டு, தியூலா போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"எதை வெச்சுப் பிழைக்கறீங்க?"

"உழைச்சு, சார்."

"எங்கே?"

எதிரே பச்சையாக எழும்பியிருந்த மலையைத் தியூலா கையால் வளைத்துக் காட்டினாள். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது. "இந்த மலையில என் கை படாத நிலம் கிடையாது. புயலுக்கு அப்புறம் ஏறின ஒவ்வொரு கூரையிலயும் நானும் ஏறியிருக்கேன். ஆல்பன் வீடு, ஃபிலோ வீடு, பள்ளிக்கூடத்துப் பின்னாடி வீடு, எல்லாம்."

"அவங்க என்ன குடுத்தாங்க?"

"சாப்பாடு போட்டாங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "வெளியாள் ஒருத்தி சாப்பாட்டுக்கு ஊரெல்லாம் கூலி வேலை பார்க்கறான்னு புகார் வந்திருக்கு. நீங்களே ஒத்துக்கறீங்க."

"கூலியா? சார், அது கூட்மென்."

மலையில் யாருக்காவது கூரை போட வேண்டும், நிலம் கொத்த வேண்டும் என்றால் அவர் சங்கை எடுத்து ஊதுவார். கேட்டவர்கள் கையில் கிடைத்த கருவியோடு வருவார்கள். பணப் பேச்சே இல்லை. சங்கு ஊதியவர் வயிறாரச் சோறு போடுவார், வந்தவர் வீட்டுக்கு இன்னொரு நாள் அவர் போவார். அதன் பெயர் கூட்மென். அது இல்லாமல் அந்த மலையில் ஒரு வீடும் எழுந்ததில்லை.

"கூட்மென் எனக்குத் தெரியும்மா" என்றார் ஃபாபியென். "எங்க அப்பா வீட்டுக் கூரையும் அப்படித்தான் ஏறிச்சு. ஆனா கூட்மென்னா போன கை திரும்பி வரணும். உங்களுக்கு யார் வந்தாங்க?"

அவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் நிவாரணத்தில் கிடைத்த தகரங்கள் கல் ஏற்றிவைத்தபடி அப்படியே கிடந்தன. கூரைக்கான மரச்சட்டங்களும் அறுத்து அடுக்கியிருந்தன. எல்லாம் இருந்தது. கைகள் மட்டும் இல்லை.

"எல்லார் கூரையிலயும் நீங்க ஏறினீங்க. உங்க தலைக்கு மேல தார்ப்பாய். இதைப் பார்க்கறவனுக்கு என்ன தோணும்? ஊர்க்காரின்னு தோணுமா, கூலிக்காரின்னு தோணுமா?" அவர் குரலில் கடுமை இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. "சனிக்கிழமை இந்தப் பக்கம் மறுபடி வரேன். அப்புறம்தான் எழுதுவேன். கூலின்னு எழுதினா உங்க மனு நிக்காது. நீங்க நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

அவர் போனதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஃபிலோ பாய்ந்துவந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். இந்த வீடு கட்டியபோது வில்னேரோடு சேர்ந்து கதவு தூக்கி, வில்னேரோடே சண்டை போட்டவள்.

"எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஏண்டி கோமே, இத்தனை நாளா நீ ஏன் சங்கு ஊதலை? தகரம் இருக்கு, சட்டம் இருக்கு. எங்க வீட்டுல எல்லாம் வந்து ஆணி அடிச்சியே, ஒரு வாட்டி எங்களைக் கூப்பிட வாய் வரலையா? எங்களைக் கடன்காரங்களா ஆக்கி வெச்சிருக்கே. நான் என் கூரைக்குக் கீழ படுக்கறப்ப எல்லாம் உன் தார்ப்பாய் சத்தம் கேட்டுத் தூக்கம் வரலை, தெரியுமா?"

"நீயா வந்து கேட்டிருக்கலாமே."

"கூப்பிடாத கூட்மென்னுக்கு யாருடி போவா? நீதான் ஊதணும். அது தெரியாதா உனக்கு?"

தியூலா அடுப்புக் கல்லில் உட்கார்ந்தாள். பிறகு, அந்த மலையில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்.

"ஊதி, யாருமே வரலைன்னா?"

ஃபிலோ அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"வில்னேர் இருந்தப்போ அவனுக்காக வந்தாங்க. இப்போ நான் மட்டும்தான். ஊதலைன்னா, கூப்பிட்டா வருவாங்கன்னு நினைச்சுக்கிட்டாவது இருக்கலாம். ஊதி யாரும் வரலைன்னா, நான் யாருன்னு தெரிஞ்சு போயிடும்ல, கோமே?"

கணவனைப் பறிகொடுத்தவள், கூரையைப் பறிகொடுத்தவள், அந்த ஒரு நம்பிக்கையை மட்டும் பறிகொடுக்கப் பயந்து மழையில் நனைந்துகொண்டு கிடந்திருக்கிறாள். ஃபிலோவின் கண்கள் பொலபொலவென்று வழிந்தன. அவள் அதைத் துடைக்காமலே திட்டினாள்.

"முட்டாள் கழுதை. சனிக்கிழமை ஊது."

அதற்குள் இன்னொரு பேச்சு மலையில் பரவியது. கிளாடியஸ் கடையில் உப்புக் கருவாடு நிறுக்கும்போதே, ஒவ்வொருவர் காதிலும் ஒரு வார்த்தை போட்டு அனுப்பினார். அனுமதி இல்லாதவளிடம் வேலை வாங்கியது குற்றம், சனிக்கிழமை அங்கே போகிறவர்கள் பெயரை அதிகாரி எழுதிக்கொள்வார், நாளைக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று. ஜனங்கள் சாமானை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். தியூலாவைப் பாதையில் கண்டவர்கள் கூடையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்கள். அவள் அதையும் பார்த்தாள்.

சனிக்கிழமை விடியும் முன்பே அடுப்பு மூட்டினாள். தன் ஊர்ப் பூசணி சூப். ஒரு காலத்தில் அடிமைகள் சமைக்க மட்டும் வேண்டும், குடிக்கக் கூடாது என்று வைத்திருந்த சூப் அது. விடுதலை வாங்கிய அன்று ஹைத்தி முழுக்க அதைத்தான் காய்ச்சிக் குடித்தார்கள். ஊரிலேயே பெரிய பானையை ஃபிலோவிடம் வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பானை நிறையக் காய்ச்சினாள். யாரும் வராவிட்டால் அத்தனையும் கெட்டுப்போகும் என்று தெரிந்தே காய்ச்சினாள். ஈரப்பலாவைச் சுட்டு அடுக்கினாள். பிறகு வில்னேரின் சங்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

முதல் ஊதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை சங்கு அழுதது. அந்தச் சத்தம் பள்ளத்தில் இறங்கி, எதிர் மலையில் முட்டி, மூடுபனிக்குள் எங்கோ தொலைந்தது. அவள் காத்திருந்தாள். ஒரு சேவல் கூவியது. எங்கோ ஒரு சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. வெயில் ஏறியது. பாதையில் ஓர் ஆள் இல்லை.

ஆக, தெரிந்துபோயிற்று.

வேறொருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். தியூலா எழுந்தாள். தார்ப்பாயின் கயிறுகளை அரிவாளால் ஒரே வீச்சில் அறுத்தாள். அது சரிந்து மண்ணில் விழுந்தது. ஏணியைச் சாய்த்து, ஒரு சட்டத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினாள். பாதி ஏணியில் இருந்தபோது கீழே ஷூ சத்தம் கேட்டது. ஃபாபியென் வேலியருகில் நின்று வெறும் முற்றத்தையும் நிறைந்த பானையையும் பார்த்தார்.

"யாரும் வரலையா?"

"நான் வந்திருக்கேன்ல சார்" என்றாள் அவள், தோளிலிருந்த சட்டத்தை இறக்காமலே. "உங்களுக்கு எழுதணும்னா எழுதிக்குங்க. முகத்தையே காட்டாத பணக்காரனுக்கு இந்த நாடு பாஸ்போர்ட் குடுக்குது, குடுக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. ஆனா நான் இந்த மண்ணுல புருஷனை விதைச்சிருக்கேன். என்னைத் தூக்கித்தான் கப்பல்ல ஏத்தணும். நானா நடந்து ஏற மாட்டேன். அதுவும் கூரை போட்டு முடிச்ச அப்புறம்தான்."

ஃபாபியென் வாயைத் திறப்பதற்குள் கீழே பாதையில் கூச்சல் கேட்டது. ஃபிலோவின் குரல்தான். அவள் யாரையோ அல்ல, எல்லாரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"பேரு எழுதுவாங்களாம் பேரு. உங்க பேரை எழுதினா காகிதமே கூசும். நடங்கடா முன்னால. அங்க ஒருத்தி தனியா ஏணியில தொங்கறா."

பாதை வளைவில் முதலில் தெரிந்தவன் தச்சன் ஆல்பன். தோளில் ரம்பம். அவன் பின்னால் சுத்தியல், கடப்பாரை, கயிற்றுச் சுருள்கள், தலையில் வாழைத்தார் சுமந்த பெண்கள். விடிந்ததிலிருந்து எல்லாரும் கீழே ஆல்பன் வீட்டு முற்றத்தில் நின்று, போகலாமா வேண்டாமா என்று சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஆல்பன்தான் "எழுதினா எழுதட்டும்" என்று ரம்பத்தை எடுத்திருக்கிறான்.

அவன் நேராக அதிகாரி முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினான்.

"என் பேரு ஆல்பன், சார். எழுதிக்குங்க. அவ என் கூரையில ஏறினா. நான் இன்னிக்கு அவ கூரையில ஏறப் போறேன். இது கூலின்னா நானும் கூலிக்காரன்."

"ஃபிலோமென்" என்றாள் ஃபிலோ. "எழுத்துத் தப்பு இல்லாம எழுதுங்க சார், எங்க அம்மா ஆசையா வெச்ச பேரு."

பிறகு ஒவ்வொருவராக. யாரும் கத்தவில்லை. பெயரைச் சொன்னார்கள், கருவியைக் காட்டினார்கள், ஏணிப் பக்கம் போனார்கள். தியூலா மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயரும் அவள் நெஞ்சில் ஒரு ஆணியாக இறங்கி எதையோ கெட்டியாக இணைத்தது. ஃபாபியென் பேனாவை வெளியே எடுக்கவே இல்லை.

முகட்டு உத்தரம் தூக்கும்போது ஒரு முனை ஈரத்தில் வழுக்கியது. "சார், அந்த முனை" என்று ஆல்பன் அலறினான். யோசிக்க நேரமில்லை. ஃபாபியென் கையிலிருந்த காகிதக் கட்டைப் போட்டுவிட்டு ஓடித் தோளைக் கொடுத்தார். வெள்ளைச் சட்டையில் மரச்சாறு அப்பியது. உத்தரம் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் விலகி நிற்கவில்லை. அடுத்த சட்டத்துக்கும் தோள் கொடுத்தார். அப்பாவின் வீட்டுக் கூரை அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ.

மதியம் ஃபிலோ அவர் கையிலும் ஒரு கிண்ணம் சூப்பைத் திணித்தாள். பசியில் அவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். சுற்றிலும் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மரம் தூக்கினீங்க, சாப்பாடு சாப்பிட்டீங்க" என்றாள் ஃபிலோ மெதுவாக. "அலுவலகத்துக்குத் தெரியாம வெளியிடத்துல கூலி வேலை பார்க்க உங்களுக்கு அனுமதி இருக்கா, சார்?"

ஃபாபியென் தோள் குலுங்கச் சிரித்தார், மலையும் சேர்ந்து சிரித்தது. அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. போகும்போது தியூலாவிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "போன கை திரும்பி வந்ததை நான் பார்த்தேன்மா. பார்த்ததைத்தான் எழுதுவேன்."

சாயங்காலம் எல்லாரும் இறங்கிப் போன பிறகு மழை பிடித்தது. புதுத் தகரத்தின் மேல் அது கொட்டிய சத்தத்தில் பேசினால் காது கேட்காது. தியூலா வீட்டு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அப்போதுதான், இத்தனை காலம் அடைத்துவைத்தது எல்லாம் உடைந்தது. வில்னேருக்காக அழுதாள். ஆற்றோரத்தில் அழாததை, கல்லறையில் அழாததை, சன்னல் வரிசையில் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். பானை எடுக்க வந்த ஃபிலோ வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"புகை" என்றாள் தியூலா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அடுப்பு அணைஞ்சு ரொம்ப நேரமாச்சுடி" என்று சொல்லி ஃபிலோ அவளைக் கட்டிக்கொண்டாள்.

நான்காவது வழியிலேயே அனுமதி கிடைத்தது. யாருடைய மனைவி என்றும் இல்லாமல், யாருடைய வேலைக்காரி என்றும் இல்லாமல், அவள் பெயரில். ஃபிலோ அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னாள். தியூலா அதை ஒரு டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

மழைக்காலம் முடியும் முன்பு இன்னொரு சனிக்கிழமை, கீழே கடைத்தெருப் பக்கமிருந்து ஒரு சங்கு கேட்டது. தயங்கித் தயங்கி ஊதிய சங்கு. கிளாடியஸின் கடைக்குப் பின்பக்கத்துச் சரக்குக் கிட்டங்கி மண்சரிவில் சாய்ந்திருந்தது. அவர் ஊதிவிட்டு முற்றத்தில் தனியாக நின்றார். தியூலா மேல் புகார் கொடுத்தவர் அவர்தான் என்று மலைக்குத் தெரியும். யாராவது வருவார்கள் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. ஊதி யாரும் வராத முற்றம் எப்படி இருக்கும் என்று அந்த மலையில் இன்னொருத்திக்குத்தான் தெரியும்.

முதல் ஆளாக அந்த முற்றத்தில் நுழைந்தவள் தியூலா. தோளில் சுத்தியல், காலில் அதே ரப்பர் பூட்ஸ். கிளாடியஸ் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கையில் பிசைந்தார்.

"தியூலா, நான் அன்னிக்கு..."

"உங்களுக்காக நான் வரலை, கொம்பே" என்றாள் அவள், ஏணியைச் சுவரில் சாய்த்துக்கொண்டே. "சங்கு கேட்டா வரது எங்க ஊர் வழக்கம். அதுக்காக வந்தேன். சாப்பாட்டுல உப்பு சரியாப் போடுங்க. இல்லைன்னா புகார் குடுப்பேன்."

ஏணியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். பாதை வளைவில் ஆல்பனும் ஃபிலோவும் மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அவள் மேலே ஏறி, முதல் ஆணியை அடித்தாள்.